வியாழக்கிழமைப் பல்வலி

எங்கள் கரீமாவில் வியாழக்கிழமையானால் ஆண்களுக்குப் பல் வலிக்கும்.

மதியம் ஒரு மணிக்குக் கிஹோயா போகும் வேனில் ஏறும்போதே தாடையைப் பிடித்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டரும் பிடித்தபடியே வருவார்கள். கிஹோயா கடைத்தெருவில் இறங்கி, பல் டாக்டர் வீட்டு வாசல்வரை முனகிக்கொண்டே நடப்பார்கள். வாசலைத் தாண்டியதும் கை கீழே இறங்கிவிடும். டாக்டர் வீட்டுக்குப் பின்னால் தேவாலயத்தின் ஞாயிறுப் பள்ளி அறை இருக்கிறது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வியாழன்தோறும் அங்கே கூடுவோம். அந்த டாக்டருக்கு வியாழக்கிழமை விடுமுறை என்பது கரீமாவில் இன்னும் எந்த மனைவிக்கும் தெரியாது.

கரீமாவிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. திங்கட்கிழமை. அதற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூடப் போவதில்லை. தெரிந்தவன் பார்த்துவிடுவானே! அங்கே நிரம்பி வழிவதெல்லாம் கிஹோயாக்காரர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமை கண் மங்கும். கரீமாவில் கண் வைத்தியசாலை இருக்கிறது.

எனக்குப் பல்லும் வலிக்காது, கண்ணும் மங்காது. நான் கிரிகோ, தையல்காரி. நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லி ஆறு வருடமாகக் கிஹோயா போகிறேன். அதற்கு முன்னால் என் மெஷின் டிராயரில் நூல்கண்டு இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. போதகரின் அங்கிக்கு மூன்று கை வைத்துத் தைத்துக் கொடுத்த அன்றைக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்தது.

அந்த அறையில் பேசுவது அந்த அறையைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதனால் இதைச் சொல்ல நால்வரிடம் அனுமதி கேட்டேன். மூவர் தந்தார்கள். நாலாமவர் தனக்கு வெறும் பல்வலிதான் என்று இன்றும் சத்தியம் செய்கிறார். பல்வலியைப் பற்றிப் பேச யாருடைய அனுமதி வேண்டும்?

ஒரு நாள் என் கைபேசி அடித்தது. குடியை விட நினைப்பவர்களுக்கான அறிவிப்பில் பெயரில்லாமல் இருப்பது என் எண்தான். கரீமாவில் எந்த அறிவிப்பும் வட்டார அதிகாரியான சீஃபின் முத்திரை இல்லாமல் சுவரில் ஏறாது. இதுவும் சீஃப் அலுவலகச் சுவரில், ஊதா முத்திரையோடு, எட்டு மாதமாகத் தொங்குகிறது.

"ஹலோ" என்றது ஒரு குரல். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல். ஆனாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? ஊர்க்கூட்டங்களில் மூன்று ஒலிபெருக்கிகளை உடைத்த குரல். சீஃப் ஹெஸ்ரோன் வருதேரே.

"யாரும்மா பேசறது?"

"நீங்கதானே கூப்ட்டீங்க. நீங்க யாரு?"

"அது உனக்கு வேண்டாம். ஒரு நண்பருக்காகக் கேக்கறேன். பெரிய பதவியில இருக்கறவர்."

"எவ்வளவு பெரிய பதவி?"

அவரால் அடக்க முடியவில்லை. "ஒரு வட்டாரமே அவர் கையில இருக்குன்னு வெச்சுக்கோயேன்."

"சரி. உங்க நண்பருக்குக் குடிப்பழக்கமா?"

"பழக்கம்னு சொல்லக்கூடாது. கடமைன்னு சொல்லணும். திருட்டுச் சாராயம் பிடிக்கறார். பிடிச்சது சாராயந்தானான்னு சோதிச்சுப் பாக்கணுமா இல்லையா?"

"எவ்வளவு சோதிப்பார்?"

"ஆதாரம் தீர்ற வரைக்கும்."

திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சொன்னேன். "ஐயோ, இங்க வேண்டாம், எல்லாருக்கும் அவரைத் தெரியும்" என்றார். கிஹோயாவைச் சொன்னேன்.

"அங்க யாரும் தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்களே?"

"கிஹோயாக்காரங்க யாரும் அங்க வர்றதே இல்ல" என்றேன். கூட்டத்தை நடத்துபவர் ஒருவரைத் தவிர்த்தால், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. "உங்க நண்பரைச் சாதாரண உடுப்புல வரச் சொல்லுங்க."

"யூனிஃபார்ம் போடறவர்னு நான் சொல்லவே இல்லையே!"

அன்று காலையில்தான் அந்த யூனிஃபார்மின் இடுப்பைப் பிரித்துத் தைக்க என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது என் மடியில் கிடந்தது. "பொதுவா எல்லார்கிட்டயும் சொல்றதுதான்" என்றேன்.

நண்பருக்கு ஏன் திடீரென்று இந்த அவசரம் என்பதும் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். சீஃபின் மூத்த மகளின் பரிசச் சடங்கன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஆடுகளை அவர் வரவேற்றார். ஆடுகளை மட்டும். ஒரு கிடாயின் தோளில் கைபோட்டு, "சம்பந்தி, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டதை ஏழு பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள். இப்போது இளையவள் நியாகுதியின் முறை. அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் முதல்முறை வந்த அன்று சீஃப் பின்னறையில் ஆதாரத்தைச் சோதித்துவிட்டுக் கிடந்தார். அவருடைய அண்ணன் தேயுரிதான் வந்தவர்களை உட்காரவைத்து, "தம்பிக்குப் பல்வலி, படுத்திருக்கான்" என்று சமாளித்தார்.

அவர்கள் போனதும் நியாகுதி அப்பாவிடம் போய்ச் சொன்னாளாம்: "பரிசம் டிசம்பர் முதல் சனிக்கிழமை. அன்னிக்கு நீங்க நிதானமா இருந்தா அப்பா நாற்காலியில நீங்க. இல்லன்னா பெரியப்பா. நான் சண்டை போடல. சொல்லிட்டேன்."

அவள் கத்தியிருந்தால் சீஃப் திருப்பிக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. அதுதான் வினை.

அடுத்த வியாழன் கிஹோயா அறையில் பதினான்கு பேர் இருந்தோம். கதவு திறந்தது. முழு யூனிஃபார்ம். தொப்பி, பித்தளைப் பொத்தான், கக்கத்தில் பிரம்பு.

அடுத்த நொடி ஜன்னல்கள் போதவில்லை. அந்த அறையில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் அவரிடமிருந்து ஓடித் தப்பியவர்கள். வாங்கெச்சி முன்பு சாராயம் காய்ச்சியவள். அவளுடைய பீப்பாய்களைச் சீஃப் நாலு தடவை உடைத்திருக்கிறார். பழக்க தோஷத்தில் முதலில் பாய்ந்தவள் அவள்தான். பாதி உடம்போடு ஜன்னலில் மாட்டிக்கொண்டாள்.

"ஏன் ஓடறீங்க? நான் யாரையும் பிடிக்க வரல!" என்று கத்தினார் சீஃப்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றது வாங்கெச்சியின் குரல், வெளியிலிருந்து. கால்கள் எங்களோடு இருந்தன.

சீஃப் தொண்டையைச் செருமினார். "பார்வையிட."

நப்தலி ஒருவர்தான் இடத்தைவிட்டு அசையவில்லை. கூட்டத்தை நடத்துபவர். ரப்பர் பூட்ஸும் நைந்த கோட்டும்தான் எப்போதும். குடியை விட்டுப் பதினாலு வருடம். கிஹோயாக்காரரானாலும் அவர் ஒளிந்து திரிவதில்லை. அந்த ஊரில் அவரைச் சாக்கடையிலிருந்து தூக்காத கை கிடையாது, யாரிடம் ஒளிவது? அவர் பாட்டுக்குத் தேநீரை ஊற்றிக்கொண்டே, "உக்காருங்க. பேரு மட்டும் போதும்" என்றார்.

"சீஃப் வருதேரே. கரீமா வட்டாரம். பதினெட்டு வருஷ சேவை. இரண்டு பாராட்டுச் சான்றிதழ்."

"சீஃபுங்கறது பேரில்லையே. அம்மா கூப்பிடற பேரு?"

சீஃப் சுற்றும்முற்றும் பார்த்தார். ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கதவு வழியே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். பல்வலி முகங்கள்.

"ஹெஸ்ரோன்" என்றார், மெதுவாக.

"வணக்கம் ஹெஸ்ரோன்!" என்றோம் எல்லோரும், ஒரே குரலில். அங்கே அதுதான் வழக்கம். யார் பெயர் சொன்னாலும் எல்லோரும் வணக்கம் சொல்லவேண்டும். நாலு வாரம் போனால் நாக்கு அதுவாகவே சொல்லிவிடும். தெருவில் யாராவது பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால்கூட நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"நான் ஒரு நண்பருக்காக வந்திருக்கேன்" என்றார் சீஃப்.

"உங்க நண்பர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார் நப்தலி. யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரு நண்பருக்காக வந்தவர்கள்தான்.

அவர் உட்கார்ந்தது ஞாயிறுப் பள்ளிக் குழந்தைகளின் நாற்காலி. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. வாங்கெச்சிதான் பின்னாலிருந்து இழுத்து எடுத்தாள். "நாலு பீப்பாய்க் கணக்குல ஒண்ணு கழிஞ்சது" என்றாள்.

வாராவாரம் வந்தார். யூனிஃபார்மை விட்டுவிட்டார், நண்பரை விடவில்லை. "நண்பர் ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தவறிட்டார்." "நண்பர் புதன்கிழமைவரைக்கும் தாக்குப்பிடிச்சார்." நாங்களும் நண்பருக்கு நலம் விசாரித்து அனுப்பினோம். ஆறாவது வாரம் எழுந்து நின்றார்.

"நண்பர் பத்து நாளா தொடல. ராத்திரியெல்லாம் வேர்க்குது. நேத்து ஒரு பீப்பாய் பிடிச்சாங்க. சோதிக்காம தரையில கொட்டச் சொல்லிட்டார். கொட்டும்போது நான் அழுதேன்" என்றார்.

அவர் சொன்னது அவர் காதிலேயே விழக் கொஞ்சம் நேரமானது. உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த நண்பரை நாங்கள் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் என் கடைக்கு வந்தார். பரிசத்துக்குப் புது கோட்டு. பாதி தைத்ததைப் போட்டுவிட்டு, அளவு சரிபார்க்கக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கியவர் இறக்கவே மறந்துவிட்டார்.

"கிரிகோ, கொம்பு இருக்கே" என்றார்.

எனக்கு ஊசி குத்தியது போலாயிற்று. இவ்வளவு நாளும் நான் அதை நினைக்கவே இல்லை.

எங்கள் வழக்கத்தில் பெண் சம்மதித்தாளா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த முராதினாவை, அதாவது தேன் போட்டுப் புளிக்கவைத்த மதுவை, பெண் மாட்டுக்கொம்பில் ஊற்றி அப்பாவிடம் நீட்டுவாள். "குடிக்கட்டுமா?" என்பார் அப்பா. "குடிங்க" என்றால் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. "வேண்டாம்" என்றால் வந்தவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். அவள் "குடிங்க" என்று சொல்லி அப்பா குடிக்காவிட்டால், அவர் பெண்ணைத் தரவில்லை என்று அர்த்தம்.

"உதட்டுல வெச்சுட்டு எடுத்துடுங்களேன்" என்றேன்.

"அண்ணன் விடமாட்டான். கொம்பைக் கவிழ்த்துக் காட்டணுமாம். முன்னோர் அப்படித்தான் செஞ்சாங்களாம்."

அண்ணன் தேயுரியைச் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். தேவாலய மூப்பர். எங்கள் பக்கத்து மரபுகளுக்கெல்லாம் அவர்தான் காவல். அவர் பேசும்போது கட்டுப்பற்கள் தாளம் போடும். எட்டு வருடத்துக்கு முன் முப்பத்திரண்டையும் எடுத்துவிட்டு முழு செட்டும் மாட்டிக்கொண்டவர். அவர் குடிப்பதில்லை, மரபைக் காப்பார். வாரத்தில் நாலு நாள் காப்பார்.

"ஒரு கொம்புதானே, ஒரே ஒரு தடவைன்னு அவன் சொல்றான்" என்றார் சீஃப்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஒரு கொம்பு போதாது கிரிகோ. மாடே போதாது."

சடங்குக்கு மது புளிக்கவைக்கச் சீஃபின் அனுமதிச் சீட்டு வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காகத் தானே புளிக்கவைத்துத் தருவதாகச் சொல்லித் தேயுரி மனு கொண்டுவந்திருந்தார். சீஃப் மூன்று வாரமாக அதில் முத்திரை குத்தவில்லை. மை தீர்ந்துவிட்டது என்றாராம். தேயுரி சிரித்தாராம்: "நீ குத்தினா என்ன, குத்தலன்னா என்ன? அது என் கட்டிலுக்கடியில நாலு நாளா பொங்கிட்டிருக்கு."

"வெளிப்படையா சொல்லிடுங்களேன், நான் குடியை விட்டுட்டேன்னு."

அவர் முகம் கடுத்தது. "விட்டுட்டேன்னா, முன்னாடி குடிச்சேன்னு ஆகாதா? நான் சீஃப், கிரிகோ. நான் குடிப்பேன்னு ஊருக்குத் தெரியவே தெரியாது."

ஊசிகளை வாயில் வைத்திருந்ததால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

"நியாகுதிகிட்டயாவது சொல்லுங்க" என்றேன் பிறகு.

"பொண்ணுகிட்ட அப்பன் போய்..." கையை இறக்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் தெருவில் நடந்தார். ஒரு கைதான் தைத்திருந்தது.

அவர் போன மறுநாள் அவள் வந்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"கிரிகோக்கா, அப்பா பன்னெண்டு வாரமா பல் டாக்டர்கிட்ட போறார். பல்லை எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூடக் குறையல. எந்தப் பல்லுக்கா?"

"அதை நான் சொல்லக்கூடாதுடி."

"சொல்லவேண்டாம். வலி குறைஞ்சிருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

"குறைஞ்சிருக்கு."

அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு கொம்பு அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை வந்தது. சீஃப் வீட்டு முற்றத்தில் பந்தல். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பாடிக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் வழக்கப்படி கதவைத் திறக்காமல் வம்பு பண்ணினோம். "யாரு நீங்க? ஆடு தொலைஞ்சு தேடி வந்தீங்களா?" "ஆடு கொண்டுவந்திருக்கோம், பொண்ணுதான் தொலைஞ்சுபோச்சு!" கதவு திறந்தது. முதலில் நுழைந்த பெரியவரை எங்கோ பார்த்த ஞாபகம். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் காலணி. ரப்பர் பூட்ஸ் இல்லாததால்தான் எனக்கு அத்தனை நேரமானது.

நப்தலி.

சீஃபைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவை வீட்டுப் பெயரால் மட்டுமே அவர் கேள்விப்பட்டிருந்தார். முதல் வருகையன்று பின்னறையில் கிடந்தவருக்கு முகம் எப்படித் தெரியும்? நப்தலிக்கோ ஆரம்பத்திலிருந்தே தெரியும். "கரீமா வட்டாரம்" என்று சீஃப் பெயர் சொன்னாரே, அந்த முதல் நாளிலிருந்து. பதிமூன்று வாரமாகச் சம்பந்திக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

"வணக்கம் சம்பந்தி" என்று கைகொடுத்தார், இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல. "போன தடவை வந்தப்ப பல்வலின்னு சொன்னாங்க. இப்ப எப்படி?"

"பரவால்ல" என்றார் சீஃப். "நல்ல டாக்டர் கிடைச்சார்."

ஆட்டுக் கணக்குப் பேசி முடிந்தது. சீஃப் பேசவேண்டியவர்களிடம் மட்டும் பேசினார். ஒரு கிடாயும் தனி மரியாதை பெறவில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நியாகுதி அடிக்கடி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தேயுரி எழுந்தார். கட்டுப்பல் ஒருமுறை தாளம் போட்டது.

"இப்ப கொம்பு. நம்ம முன்னோர் கொம்பைக் கவிழ்த்துக் காட்டினாங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் சம்மதம் சம்மதமில்ல. மரபுன்னா மரபு!"

நியாகுதி பெரிய சுரைக்குடுவையைச் சாய்த்தாள். நுரைத்துக்கொண்டு கொம்பு நிறைந்தது. அந்த வாசனை பெண்கள் பக்கம்வரை வந்தது. ஆறு வருடமாகியும் என் நாக்கில் எச்சில் ஊறியது என்றால் அறுபத்தொரு நாள்காரருக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பா முன்னால் வந்து நீட்டினாள். சீஃப் வாங்கவில்லை.

"நியாகுதி" என்றார். "குடிக்கட்டுமா?"

அவள் கொம்பை நீட்டியபடியே நின்றாள்.

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளைப் பையன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். அவள் அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள். "குடிங்க" என்றால் அப்பா போனார். "வேண்டாம்" என்றால் அவன் போனான்.

"என்னம்மா யோசனை?" என்றார் தேயுரி. "ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஆடுக வெயில்ல நிக்குது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அவள் "வேண்டாம்" என்றுதான் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சீஃபுக்கும் தோன்றியிருக்கவேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பொறும்மா. நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

ஒலிபெருக்கியைத் தள்ளிவைத்தார். தொண்டையைச் செருமினார். பார்வையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நிலையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிப்பதற்குள்,

"என் பேரு ஹெஸ்ரோன்" என்றார்.

"வணக்கம் ஹெஸ்ரோன்!"

பந்தலின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்பது பேர். அவர்கள் பக்கத்திலிருந்து பதினொருவர். தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் அடிக்குரலில் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் தொப்பியைக்கூடக் கழற்றிச் சொன்னார். வாங்கெச்சி சொன்னாள். என் வாயைப் பொத்த எனக்குக் கை போதவில்லை. கையில் கூழ்க்குடுவை இருந்தது.

அப்புறம் விழுந்த அமைதியில் ஆடு ஒன்று கத்தியது.

"பல்வலின்னு சொன்னீங்களே!" என்றாள் ஒருத்தி, தன் புருஷனிடம். "கண்ணு மங்குதுன்னு சொன்னீங்களே!" என்றது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

சீஃபுக்கு இதெல்லாம் காதில் விழுந்ததா என்றே தெரியாது. "நான் குடிகாரன்" என்றார். "அறுபத்தொரு நாளா குடிக்கல. ஆதாரத்தைக்கூடச் சோதிக்கல. இதைக் குடிச்சா நாளைக்கு எனக்கு இந்த நாள் ஞாபகம் இருக்காது. என் பொண்ணைக் குடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கணும். அவ்வளவுதான்." உட்கார்ந்தார்.

"அதெல்லாம் சரி!" என்றார் தேயுரி. "கொம்பு காலியாகாம பொண்ணு போகாது. நீ யாரா இருந்தா என்ன, மரபு மரபுதான்!"

நப்தலி மெதுவாக எழுந்தார். "பெரியவர் சொல்றது ரொம்பச் சரி. கொம்பு காலியாகணும். எங்க கிஹோயாப் பக்கத்து வழக்கமும் அதேதான். பொண்ணு எதை ஊத்தறாளோ, அதை அப்பன் ஒரு சொட்டு விடாம குடிக்கணும்."

"எதை ஊத்தறாளோவா? முராதினாதான் ஊத்தணும்!"

"கொம்புதான் மரபு, ஐயா. உள்ள இருக்கறது பொண்ணு இஷ்டம்."

"இது எந்தக் காலத்து வழக்கம்? நான் கேள்விப்பட்டதே இல்ல!"

"ரொம்பப் பழசு" என்றார் நப்தலி, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். "கேள்விப்படறதுக்கு முன்னாடியே உள்ளது."

அவர்கள் பக்கத்துப் பதினொருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், தன் கொள்ளுத்தாத்தா அப்படித்தான் குடித்தார் என்று சாட்சி சொன்னார். எந்த மரபும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

நியாகுதி காத்திருக்கவில்லை. "முன்னோருக்கு" என்று சொல்லிக் கொம்பைத் தரையில் கவிழ்த்தாள். நான் அதற்குள் கூழ்க்குடுவையோடு பந்தலின் நடுவுக்கு வந்துவிட்டேன். கம்பும் சோளமும் சேர்த்துப் புளிக்கவைத்த கூழ். புளிப்புத்தான், போதை இல்லை. அடுப்படிப் பெண்களின் பங்கு, கொம்பை அது கண்டதே இல்லை. நியாகுதி வாங்கி அதை விளிம்புவரை ஊற்றினாள்.

"இப்ப கேளுங்கப்பா."

"குடிக்கட்டுமா?" சீஃபின் குரல் உடைந்தது. இந்தத் தடவை ஒலிபெருக்கி தப்பித்தது.

"குடிங்கப்பா."

குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். முடித்து, கொம்பைத் தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்டினார். அடியில் தங்கியிருந்த ஒரு கட்டி கொஞ்சநேரம் தொங்கி யோசித்தது. பிறகு தேயுரியின் பாலிஷ் போட்ட காலணியில் விழுந்தது. பெண்கள் குலவையிட்டோம். அதைச் சொட்டு என்று கணக்கில் சேர்க்க யாருக்கும் மனமில்லை.

மிச்சம் நாலு பெரிய குடுவை முராதினா. இருபது பேருக்கு மனைவிமார் பார்வையே போதுமாக இருந்தது. மற்றவர்களும் அன்றைக்கு என்னவோ கூழையே கேட்டு வாங்கிக் குடித்தார்கள். குடுவைகள் திறந்தபடி நின்றன.

"மரபை இப்படி வீணாக்கக்கூடாது" என்று தேயுரி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

வெயில் தாழ்வதற்குள் அவர் ஆட்டுப்பட்டிக்குள் இருந்தார். ஒரு கிடாயின் தோளில் கைபோட்டிருந்தார். "சம்பந்தி" என்று கொஞ்சினார், "கிஹோயாவுல மரபெல்லாம் எப்படி இருக்கு?" ஏழு பேர் கைபேசியை எடுத்தார்கள். சீஃப் போய், ஒவ்வொருவர் கையையும் கீழே இறக்கினார். பிறகு அண்ணனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். கட்டுப்பல்லைக் கிடாயின் காலடியிலிருந்து பொறுக்கி, கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு வைத்தாள் நியாகுதி.

அடுத்த வியாழன் ஒரு மணி வேனில் தாடைகளெல்லாம் சும்மா இருந்தன. கண்டக்டர் குழம்பிப்போனான். "யாருக்கும் பல்வலி இல்லையா? அப்ப எங்க போறீங்க எல்லாரும்?" சீஃப் முன் இருக்கையில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். முத்திரை மைப்புட்டியைத் திறந்து, கிஹோயாக் கூட்டத்துக்கான அறிவிப்பு ஒன்றில் மடியிலேயே வைத்துக் குத்திக்கொண்டிருந்தார்.

வேன் நகரப்போகும் சமயம் கதவில் ஒருவர் தொற்றினார். தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டிருந்தார். இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிடித்திருந்தார்.

தேயுரி.

"என்னண்ணே?" என்றார் சீஃப்.

"பல்வலி" என்றார் தேயுரி, யாரையும் பார்க்காமல். கட்டுப்பல் தாளம் ஒருமுறை கேட்டது.

"எந்தப் பல்லு?"

"எல்லாமே."

வாங்கெச்சி என் விலாவில் இடித்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். வேன் முழுவதும் அத்தனை பேர் இருந்தும், மாட்டிக் கழற்றுகிற பல் எப்படி வலிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டோம்.